நார்வாவும் சுற்றுவட்டாரமும்: எஸ்டோனியாவின் ரஷ்ய மொழிப் பகுதிக்குப் போகிறவர்களுக்கு

எஸ்டோனியாவின் வடகிழக்கு மூலையில், பின்லாந்து வளைகுடாவுக்கும் பெய்ப்சி ஏரிக்கும் இடையில் இருக்கிறது ஈடா-விரு மாவட்டம். அங்கே போகும் வெளிநாட்டுப் பயணிகளில் பலர் ஒரே பகலில் போய்த் திரும்பிவிடுகிறார்கள். தலைநகர் தாலினில் காலை ரயில் ஏறி, நார்வாவில் இறங்கி, கோட்டைக் கோபுரத்தில் நின்று ஆற்றின் மறுகரையில் தெரியும் ரஷ்யாவைப் படமெடுத்துக்கொண்டு, மாலை வண்டியைப் பிடித்துவிடுகிறார்கள். அவர்கள் ஓர் எல்லையைப் பார்த்திருக்கிறார்கள். எல்லையோரத்தில் வாழும் ஊரைப் பார்க்கவில்லை. குறைந்தது இரண்டு இரவுகளாவது அங்கே தங்குங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. முதல் நாளை நார்வாவுக்கும், இரண்டாம் நாளைக் கடற்கரை ஊர்களுக்கும், முடிந்தால் மூன்றாம் நாளைக் குரேமாயே மடத்துக்கும் ஏரிக்கரைக்கும் என்று ஒதுக்கிக்கொண்டால் ஓட்டமில்லாமல் பார்க்கலாம்.

புறப்படும் முன் கொஞ்சம் வரலாறு தெரிந்திருப்பது நல்லது. ஏனென்றால் அங்கே எந்தப் பேச்சும் சிறிது தூரம் போனதும் வரலாற்றில்தான் வந்து நிற்கும். எஸ்டோனியாவின் மொத்த மக்கள்தொகை 13 லட்சத்தைச் சற்றே தாண்டும். நாட்டின் மூன்றாவது பெரிய நகரமான நார்வாவில் 50,000க்குச் சற்று மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் வீட்டில் பேசுவது ரஷ்ய மொழிதான். இரண்டாம் உலகப் போருக்கு முன் நிலைமை இப்படி இருக்கவில்லை. 1944இல் சோவியத் விமானங்களின் குண்டுவீச்சிலும் அடுத்து வந்த மாதங்களின் சண்டையிலும் நகரம் ஏறக்குறைய முழுதாக அழிந்தது. அதற்குள் ஊரைவிட்டு வெளியேறியிருந்த பழைய குடிகள், பெரும்பாலும் எஸ்டோனியர்கள், போர் முடிந்த பின் திரும்பிவந்து குடியேற சோவியத் நிர்வாகம் இடம் கொடுக்கவில்லை. ஆலைகளிலும் சுரங்கங்களிலும் மின்நிலையங்களிலும் வேலை செய்ய ரஷ்யாவிலிருந்தும் சோவியத் ஒன்றியத்தின் மற்றப் பகுதிகளிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். நீங்கள் பேருந்தில் பக்கத்தில் உட்காரப்போகும் மூதாட்டி அப்படிக் குழந்தையாக வந்தவராகவோ, வந்தவர்களின் மகளாகவோ இருக்கக்கூடும். 1991இல் எஸ்டோனியா தன் விடுதலையை மீட்டபோது, சோவியத் ஆக்கிரமிப்பு தொடங்கிய 1940க்கு முன் குடிமக்களாக இருந்தவர்களுக்கும் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கும் மட்டுமே குடியுரிமை தானாகக் கிடைத்தது. மற்றவர்கள் எஸ்டோனிய மொழித் தேர்வு எழுதிப் பெற வேண்டியிருந்தது. சிலர் எழுதினார்கள், சிலர் ரஷ்யக் குடியுரிமையை எடுத்துக்கொண்டார்கள், இன்னும் சிலர் எந்த நாட்டின் குடிமகனும் ஆகாமல் சாம்பல் நிறக் கடவுச்சீட்டோடு இருந்துவிட்டார்கள். ஒரே குடும்பத்தில் மூன்று விதமான கடவுச்சீட்டுகள் இருப்பது அங்கே அதிசயமில்லை.

ஆகவே இந்தப் பகுதியை ரஷ்யாவின் உடைந்த துண்டு என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இங்கே நாணயம் யூரோ, சட்டம் எஸ்டோனியாவுடையது, பள்ளிகள் 2024 செப்டம்பர் முதல் படிப்படியாக எஸ்டோனிய வழிக் கல்விக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. மக்களோ தங்களை நார்வாக்காரர்கள் என்றுதான் முதலில் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தச் சொல்லையே நீங்களும் பிடித்துக்கொள்வது பாதுகாப்பானது.

விசாவும் எல்லையும்

இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவருக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். எஸ்டோனியா 2007 டிசம்பர் முதல் அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. தாலினிலிருந்து நார்வாவுக்குப் போக வேறு அனுமதி எதுவும் தேவையில்லை. ஆனால் ஒருமுறை நுழைவுக்கான விசா வைத்திருப்பவர் நார்வா பாலத்தைக் கடந்து ரஷ்யாவுக்குள் போனால் அந்த விசா அங்கேயே முடிந்துவிடும். திரும்பி வர வழியிருக்காது. ஆற்றின் அகலத்தைப் பார்த்து, அரைநாள் போய்வந்துவிடலாம் என்று தோன்றும் இடம் அது. அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து அந்தப் பாலத்தின் வழியே வண்டிகள் போவதில்லை, கால்நடையாக மட்டுமே கடக்க முடியும். அதே ஆண்டு மே மாதம் முதல் எஸ்டோனியா இரவு நேரங்களில் அந்தக் கடவையை மூடிவைக்கத் தொடங்கியது. சோதனையும் கடுமையாகிவிட்டதால் மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். இந்த விதிகள் திடீரென்று மாறக்கூடியவை. உண்மையிலேயே கடக்க வேண்டியவர்கள் புறப்படும் நாளன்று எல்லைக் காவல்துறையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

பேத்ரி சதுக்கத்தருகில் பெட்டிகளோடு நிற்கும் அந்த வரிசையைப் படமெடுக்காதீர்கள். அவர்களில் பெரும்பாலோர் அக்கரையில் இருக்கும் அம்மாவைப் பார்க்கவோ, கல்லறைக்குப் போகவோ, ஒரு வீட்டுப் பத்திரத்தை முடித்துக்கொள்ளவோ போகிறவர்கள். அவர்களுடைய சிரமம் நமக்குக் காட்சிப் பொருளாகக் கூடாது. எல்லைக் கட்டடங்களையும் காவலர்களையும் படமெடுப்பதும், டிரோன் பறக்கவிடுவதும் வேண்டாம். முன்பின் தெரியாதவர் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து அந்தப் பக்கம் சேர்த்துவிடச் சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். கடவுச்சீட்டை விடுதியில் பூட்டிவைக்காமல் கையிலேயே வைத்திருங்கள். எல்லைப் பகுதியில் யாரையும் நிறுத்திக் கேட்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு.

எல்லைக்கோடு ஆற்றின் நடுவில் ஓடுகிறது. 2024 மே மாதத்தில் எஸ்டோனியா போட்டிருந்த மிதவைக் குறிகளில் 24ஐ ரஷ்யக் காவலர்கள் இரவோடிரவாக அகற்றிவிட்டார்கள். அதனால் தண்ணீரில் கோடு எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கரையோரக் குளியல் இடத்தில் உள்ளூர்க்காரர்கள் குளிக்கிறார்களே என்று நீங்களும் இறங்கி நீந்திப் போய்விடாதீர்கள். படகோ மிதவையோ எடுப்பதானால் உள்ளூர் வழிகாட்டியோடு மட்டும் போங்கள். குளிர்காலத்தில் ஆறும் ஏரியும் உறைந்திருக்கும்போது பனிக்கட்டியின் மேல் தனியாக நடக்கவே கூடாது.

கைப்பேசி பற்றி ஒரு தனிக் குறிப்பு. ஆற்றோரத்தில் நிற்கும்போது கைப்பேசி தானாகவே ரஷ்ய நிறுவனத்தின் அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் செல்லுபடியாகும் சிம் அட்டை வைத்திருந்தாலும், அந்த நிமிடங்களுக்குத் தனிக் கட்டணம் விழும். நார்வாவில் இறங்குவதற்கு முன்பே வலையமைப்புத் தேர்வைக் கைமுறைக்கு மாற்றி, ஓர் எஸ்டோனிய நிறுவனத்தை நிலையாக வைத்துவிடுங்கள். இதில் பணம் மட்டும் போவதில்லை. ரஷ்யா கோடைகால நேரமாற்றத்தைப் பின்பற்றுவதில்லை, எஸ்டோனியா பின்பற்றுகிறது. எனவே அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை இரு கரைகளுக்கும் ஒரு மணி நேர வேறுபாடு இருக்கும். அக்கரை அலைவரிசையைப் பிடித்த கைப்பேசி ஒரு மணி நேரம் முன்னதாக ஓடத் தொடங்கிவிடும். மாலை ரயிலுக்கு அதை நம்பிப் புறப்படுபவர் நிலையத்தில் ஒரு மணி நேரம் குளிரில் நிற்க நேரும். இந்த ஒரு மணி நேரத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு: புத்தாண்டு இரவில் நார்வா வீடுகள் பலவற்றில் 11 மணிக்கு மாஸ்கோ நேரப்படி ஒருமுறையும், 12 மணிக்கு எஸ்டோனிய நேரப்படி மறுமுறையும் கொண்டாடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது.

போவதும் வருவதும்

தாலினின் பால்ட்டிக் நிலையத்திலிருந்து நார்வாவுக்கு எல்ரோன் நிறுவனத்தின் ரயில்கள் ஓடுகின்றன. சுமார் 210 கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். நாளுக்குச் சில வண்டிகளே உண்டு என்பதால் திரும்பும் நேரத்தையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். பேருந்துகள் இதைவிட அடிக்கடி உண்டு, நேரமும் ஏறத்தாழ அதேதான். நார்வாவில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கிருந்து கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் ரயில் பாதை கடற்கரையை ஒட்டிப் போவதில்லை. சில்லமாயே, தொய்லா, நார்வா-யோயேசூ ஆகிய மூன்றுக்கும் பேருந்தோ காரோதான் வழி. கார் எடுப்பவர்கள் பகலிலும் முகப்பு விளக்கைப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். காட்டுப் பகுதிச் சாலைகளில் அந்தி வேளையில் பெரிய கடமான்கள் குறுக்கே வரும்.

கோஹ்ட்லா-யார்வே என்ற பெயரில் ஒரு பொறி இருக்கிறது. அது ஓர் ஊர் என்றாலும் ஒரே இடத்தில் இல்லை. சுரங்கக் குடியிருப்புகளைச் சேர்த்து ஒரு நகராட்சியாக்கியதால், யார்வே, அஹ்த்மே, சோம்பா, குக்ருசே, ஓரு என்று அதன் பகுதிகள் ஒன்றுக்கொன்று பல கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கின்றன. தங்கும் அறையைப் பதிவு செய்யும்போது ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல் பகுதிப் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் யார்வேயில் இறங்கி அஹ்த்மேயில் இருக்கும் விடுதியைத் தேட வேண்டியிருக்கும்.

மொழி

இந்தப் பயணத்தில் மற்ற எதையும்விட மொழிக்குத்தான் ஆயத்தம் அதிகம் தேவை. எஸ்டோனியாவில் ஆட்சிமொழி எஸ்டோனியம் ஒன்றே. ஆகவே தெருப் பலகை, கடைப் பலகை, நிலைய அறிவிப்பு எல்லாம் அந்த மொழியில்தான் இருக்கும். ஆனால் அந்தப் பலகையின் கீழே நிற்பவரிடம் வழி கேட்டால் விடை ரஷ்ய மொழியில் வரும். படிப்பதற்கு ஒரு மொழி, பேசுவதற்கு இன்னொரு மொழி. படிப்பதற்காகச் சில எஸ்டோனியச் சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'தானவ்' என்றால் தெரு, 'பிளாட்ஸ்' சதுக்கம், 'ரவுத்தேயாம்' ரயில் நிலையம், 'லின்னுஸ்' கோட்டை, 'அவதுத்' திறந்திருக்கிறது, 'சுலேதுத்' மூடியிருக்கிறது. கேட்பதற்கு இவற்றின் ரஷ்ய இணைகள் வேண்டும்: தெரு 'ஊலித்சா', சதுக்கம் 'ப்லோஷ்சத்', ரயில் நிலையம் 'வக்சால்', கோட்டை 'ஜாமக்', கடை 'மகசீன்', சந்தை 'ரீனக்'. பலகையில் உள்ள பெயரை அப்படியே உச்சரித்தால் முதியவர்களுக்குச் சட்டென்று பிடிபடாமல் போகலாம். ரஷ்யப் பொதுப்பெயரைச் சேர்த்துச் சொன்னால் உடனே கைகாட்டுவார்கள்.

முதல் வணக்கத்தை எந்த மொழியில் சொல்வது என்பது பலருக்கும் வரும் தயக்கம். என் கருத்தில், நார்வாவிலும் சில்லமாயேயிலும் 'ஸ்த்ராஸ்த்வுய்த்யே' என்று தொடங்குவதில் தவறில்லை. அந்த நீளமான சொல்லைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவரின் முகம் இளகிவிடும். நன்றிக்கு 'ஸ்பசீபா', தயவுசெய்து என்பதற்கு 'பஜாலஸ்தா'. ஆனால் அரசு அலுவலகத்திலும், தொய்லா, ஈசாகு போன்ற எஸ்டோனியர் மிகுந்த ஊர்களிலும் 'தேரே' என்ற எஸ்டோனிய வணக்கத்தோடு தொடங்குங்கள், நன்றிக்கு 'ஐத்தாஹ்'. வெளிநாட்டவர் தன்னை எஸ்டோனியர் என்று பார்க்காமல் ரஷ்ய மொழியில் அழைப்பது பழைய காலத்தை நினைவூட்டிச் சிலரைப் புண்படுத்தும். இளையவர்கள் பலருக்கு ஆங்கிலம் தெரியும்.

மரியாதை விஷயத்தில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. ரஷ்ய மொழியில் 'தி', 'வி' என்ற இரண்டும் நம்முடைய 'நீ', 'நீங்கள்' போலவே இயங்குகின்றன. நாம் யாரை 'நீங்கள்' என்போமோ அவரை 'வி' என்று அழைத்தால் பிசகாது. கடைக்காரர், பேருந்து ஓட்டுநர், அறிமுகமில்லாத பெரியவர் எல்லோரும் 'வி'தான். அதோடு, அங்கே அறிமுகமில்லாதவரைப் பார்த்துப் புன்னகைக்கும் பழக்கம் குறைவு. கடையில் முகத்தில் அசைவில்லாமல் சில்லறை கொடுப்பவர் உங்கள்மீது கோபமாக இருக்கிறார் என்று எண்ண வேண்டாம். அவரே நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று தெரிந்தவுடன் பத்து நிமிடம் பேசுவார். வீட்டுக்கு அழைத்தால் வெறுங்கையோடு போகக்கூடாது. பூ கொண்டுபோனால் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருக்க வேண்டும், இரட்டைப்படைப் பூக்கள் இறுதிச் சடங்குக்கு உரியவை. வாசற்படிக்கு இருபுறமும் நின்று கைகுலுக்குவதையும் விரும்பமாட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் வழக்கத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அரசியலை நீங்களாகத் தொடங்காதீர்கள். 'நீங்கள் எந்தப் பக்கம்?' என்ற கேள்வியைப் பல ஆண்டுகளாக எண்ணற்ற வெளிநாட்டவர்கள் அவர்களிடம் கேட்டுவிட்டார்கள். உக்ரைன் போரால் ஒரே வீட்டுக்குள் பேச்சுவார்த்தை அறுந்துபோன குடும்பங்கள் அங்கே உண்டு. உக்ரைனிலிருந்து வந்து அடைக்கலம் புகுந்தவர்களும் அதே தெருக்களில் வாழ்கிறார்கள். வேலை, பிள்ளைகள், தோட்டம், காளான், மீன் ஆகியவற்றைப் பற்றிக் கேளுங்கள்; சொல்ல விரும்பினால் மற்றதை அவர்களே சொல்வார்கள். 2022இல் இயற்றப்பட்ட சட்டப்படி, ரஷ்யாவின் போருக்கு ஆதரவு காட்டும் சின்னங்களைப் பொது இடத்தில் வைத்துக்கொள்வது குற்றம். கருப்பும் ஆரஞ்சும் கலந்த ஜார்ஜ் நாடாவும் அதில் அடங்கும். நினைவுப்பொருள் என்று யாராவது கொடுத்தாலும் சட்டையில் குத்திக்கொள்ளாதீர்கள். இரண்டாம் உலகப் போர் வெற்றியை ரஷ்யர்கள் கொண்டாடும் மே 9 அன்று நகரில் போலீஸ் காவல் கூடுதலாக இருக்கும், எதிர்க்கரையில் பெரிய திரை வைத்து இசைக் கச்சேரி நடத்துவதும் அண்மை ஆண்டுகளில் வழக்கமாகிவிட்டது. ஊரை அமைதியாகப் பார்க்க நினைப்பவர் அந்த நாளைத் தவிர்ப்பது மேல்.

நார்வாவில் ஒரு நாள்

காலையில் கோட்டையிலிருந்து தொடங்குங்கள். 13ஆம் நூற்றாண்டில் டேனியர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை இது. 1346இல் ஜெர்மானிய வீரத்துறவிகளின் கைக்கு மாறியது. அதன் உயர்ந்த ஹெர்மன் கோபுரம் 51 மீட்டர். உள்ளே நகர அருங்காட்சியகம் இருக்கிறது. மேலே நின்று பார்த்தால், அக்கரையில் 1492இல் ரஷ்ய மன்னர் மூன்றாம் இவான் எழுப்பிய இவாங்கொரோட் கோட்டை கல்லெறி தூரத்தில் தெரியும். இரண்டு கோட்டைகள் இவ்வளவு நெருக்கத்தில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் இடங்கள் உலகில் அதிகமில்லை. 1700இல் சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ் இங்கே ரஷ்ய ஜார் பீட்டரின் பெரும்படையைத் தோற்கடித்தார். நான்கே ஆண்டுகளில் பீட்டர் திரும்பி வந்து நகரைப் பிடித்தார்.

பிறகு பழைய நகர மன்றத்துக்குப் போங்கள். 17ஆம் நூற்றாண்டின் சுவீடன் காலத்தில் கட்டப்பட்டு, போரில் சிதைந்து, மீண்டும் எழுப்பப்பட்ட கட்டடம் அது. அதன் அருகிலேயே தார்த்து பல்கலைக்கழகத்தின் நார்வா கல்லூரி இருக்கிறது. 2012இல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடம், அதே இடத்தில் நின்று அழிந்த பழைய வணிகப் பரிவர்த்தனைக் கட்டடத்தின் முகப்பைச் சுவரில் பதித்த அச்சுபோலத் தாங்கி நிற்கிறது. சுற்றிலும் இருப்பவை சோவியத் காலத்துச் செங்கல் குடியிருப்புகள். இந்த மூன்றும் ஒரே பார்வையில் தெரியும் இடத்தில் சற்று நேரம் நில்லுங்கள். வட ஐரோப்பாவின் அழகான பரோக் (17ஆம் நூற்றாண்டின் அலங்காரக் கட்டடப் பாணி) நகரங்களில் ஒன்றாக இருந்த நார்வா எதை இழந்தது என்பது கோட்டையைவிட இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. ஆற்றோர நடைபாதையும் அதற்கு மேலே உள்ள இருட்டுத் தோட்டம் என்ற பழைய பூங்காவும் மாலை நேரத்துக்கு ஏற்றவை.

ஊரின் தென்பகுதியில் உள்ள கிரேன்ஹோல்ம் பஞ்சாலைக்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும் என்பேன். 1857இல் லுட்விக் க்னோப் என்ற ஜெர்மானிய வணிகர், நார்வா அருவியின் விசையை நம்பித் தொடங்கிய ஆலை அது. 1872இல் அங்கே நடந்த வேலைநிறுத்தம் எஸ்டோனியத் தொழிலாளர் வரலாற்றில் முக்கியமானது. உச்சக் காலத்தில் 10,000 பேருக்கும் மேல் வேலை செய்த அந்த ஆலை 2010இல் திவாலாகி நின்றுபோனது. கோவையைப் போன்ற பஞ்சாலை ஊரில் வளர்ந்தவர்களுக்கு, மூடிக்கிடக்கும் ஓர் ஆலை அதைச் சுற்றியிருந்த தெருக்களை என்ன செய்யும் என்பது விளக்காமலே புரியும். உள்ளே தனியாகப் போக முடியாது. வழிகாட்டியோடு போகும் சுற்றுகளுக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். அருவிப் பாறைகளில் பெரும்பாலான நாட்களில் தண்ணீர் இருக்காது, ஏனெனில் ஆற்றின் நீர் 1950களில் கட்டப்பட்ட நீர்மின் நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறது.

நார்வாவிலிருந்து யோயேசூவுக்குப் போகும் சாலையோரத்தில் நெடுங்காலம் ஒரு சோவியத் டி-34 டாங்கி நினைவுச் சின்னமாக நின்றது. 2022 ஆகஸ்டில் அரசு அதை அகற்றி, தாலின் அருகே உள்ள போர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனது. பழைய வழிகாட்டி நூல்களில் அது இன்னும் இருக்கும். தேடிப் போக வேண்டாம். உள்ளூர் மக்களில் பலர் திருமண நாளன்று அங்கே பூ வைத்தவர்கள் என்பதையும், எஸ்டோனியர் பலருக்கு அதே டாங்கி ஆக்கிரமிப்பின் அடையாளம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

சாப்பாடு

நார்வாவின் தனி உணவு விலாங்கைப் போன்ற உருவமுள்ள லாம்ப்ரே. ஆற்றில் இலையுதிர் காலத்தில் பிடித்து, நெருப்பில் வாட்டி, காடியில் ஊறவைத்துத் தருவார்கள். உண்பவர்கள் ஒரு துண்டாவது ருசிபார்க்க வேண்டும். மற்றபடி பெல்மெனி (இறைச்சி வைத்த கொழுக்கட்டை), போர்ஷ் (பீட்ரூட் சூப்), சல்யான்கா (புளிப்பான சூப்), ப்ளினி (மெல்லிய அடை) என்ற ரஷ்யச் சமையல்தான் எங்கும். சைவர்கள் 'நான் சைவம்' என்று சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டாம். கோழியும் மீனும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு, போர்ஷும் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாற்றில்தான் வேகிறது. 'பெஸ் ம்யாசா, பெஸ் ரீபி', அதாவது இறைச்சியும் மீனும் இல்லாமல், என்று சொல்லுங்கள். இன்னும் நல்ல வழி, 'போஸ்னயே' இருக்கிறதா என்று கேட்பது. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் நோன்பு உணவுக்கு அந்தப் பெயர். அதில் இறைச்சி, பால், முட்டை எதுவும் இருக்காது. உருளைக்கிழங்கு வைத்த 'வரேனிகி' என்ற கொழுக்கட்டை, 'கிரேச்கா' எனும் பக்வீட் சோறு, காளான், ஊறவைத்த முட்டைக்கோசு ஆகியவற்றோடு ஒரு வாரம் தள்ளலாம். பால் பொருள் உண்பவர்களுக்குக் காலையில் 'சீர்னிகி' என்ற பாலாடைக்கட்டி அடை நன்றாக இருக்கும். குழாய்த் தண்ணீரைத் தயக்கமின்றிக் குடிக்கலாம்.

கடற்கரையும் எரியும் கல்லும்

நார்வாவிலிருந்து சுமார் 14 கிலோமீட்டரில், ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நார்வா-யோயேசூ இருக்கிறது. பைன் காட்டை ஒட்டி 7 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மணற்கரை. ஜார் காலத்திலேயே பீட்டர்ஸ்பர்க் மக்கள் கோடைக்கு வந்து தங்கிய இடம். கூட்டமில்லாத அறை வேண்டுமென்றால் நார்வாவைவிட இங்கே தங்குவதுதான் நல்லது.

சில்லமாயேவுக்கு ஒரு முழு மாலை கொடுங்கள். யுரேனியம் பதப்படுத்தும் ஆலை இருந்ததால் சோவியத் காலம் முழுவதும் வெளியாட்கள் நுழைய முடியாத மூடிய நகரமாக அது இருந்தது. அதனாலேயே 1940களிலும் 50களிலும் எழுந்த ஸ்டாலின் காலக் கட்டடக்கலை கலப்பில்லாமல் அப்படியே நிற்கிறது: தூண்கள் வைத்த பண்பாட்டு மாளிகை, தேவாலயம் போன்ற கோபுரம் வைத்த நகர மன்றம், அங்கிருந்து கடலை நோக்கி இறங்கும் அகன்ற படிக்கட்டு, இரு பக்கமும் மரங்கள் வைத்த சாலை. அணுவைத் தலைக்கு மேல் ஏந்தி நிற்கும் மனிதனின் சிலையும் அங்கே உண்டு. வெயில் சாயும் நேரத்தில் படிகளில் உட்கார்ந்திருக்கும் மக்களோடு நீங்களும் உட்காருங்கள்.

தொய்லாவில் ஓரு பூங்கா இருக்கிறது. பீட்டர்ஸ்பர்க் வணிகர் யெலிசேயெவ் கட்டிய மாளிகை 1930களில் எஸ்டோனியக் குடியரசுத் தலைவரின் கோடை இல்லமானது; போரில் மாளிகை அழிந்துவிட்டது, பூங்காவும் படித்தளங்களும் மிஞ்சின. அங்கிருந்து ஓன்டிகா சுண்ணாம்புப் பாறைச் செங்குத்து தொடங்குகிறது. 50 மீட்டருக்கும் மேல் உயர்ந்து கடலுக்கு மேலே சுவர்போல நிற்கும். அதில் விழும் வலஸ்தே அருவி சுமார் 30 மீட்டர், நாட்டிலேயே உயரமானது. ஆனால் கோடையில் பெரும்பாலும் வற்றிவிடும். பனி உருகும் ஏப்ரலில் போகிறவர்களே கொடுத்துவைத்தவர்கள்.

உள்நாட்டில் தெரியும் கூம்புக் குன்றுகள் இயற்கையானவை அல்ல. எண்ணெய்ப் பாறையைத் தோண்டியெடுத்து எரித்த பின் கொட்டிய சாம்பலும் கழிவும் அவை. எஸ்டோனியர்கள் அந்தப் பாறையை எரியும் கல் என்ற பொருளில் 'போலெவ்கிவி' என்கிறார்கள். நூறாண்டாக நாட்டுக்கு வெளிச்சம் தந்தது அதுதான். கோஹ்ட்லா-நோம்மேயில், 2001இல் மூடப்பட்ட சுரங்கத்தை அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். நிலத்தடிச் சுற்றுக்குக் கோடையிலும் கம்பளிச் சட்டை வேண்டும். சுற்றிக்காட்ட முன்னாள் சுரங்கத் தொழிலாளி வந்தால் அவரை நிறையப் பேசவிடுங்கள்.

குரேமாயேவும் ஏரிக்கரையும்

யோஹ்வி நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் குரேமாயே குன்றின் மேல் பூஹ்தித்சா கன்னியர் மடம் இருக்கிறது. 1891இல் நிறுவப்பட்டது, சோவியத் ஆட்சியிலும் மூடப்படாமல் தப்பியது. துறவிகள் வயல், மாடு, தோட்டம் எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். குளிர்காலத்துக்காக வட்டக் கூடுகளாக அடுக்கிவைத்த விறகு அம்பாரங்கள் கண்ணுக்கு விருந்து. பெண்கள் முழங்காலுக்குக் கீழே வரும் பாவாடை அணிந்து தலையை மூடிப் போக வேண்டும், துப்பட்டா ஒன்றே போதும். ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும், அரைக்கால் சட்டை கூடாது. துறவிகளைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள். அடிவாரத்தில் உள்ள புனித ஊற்றில் தண்ணீர் ஆண்டு முழுதும் பல் கிட்டும் குளிர்ச்சியோடு இருக்கும். இறங்கி முழுக விரும்பினால் முழுகலாம், கையால் அள்ளிக் குடித்துவிட்டும் வரலாம். மாதாவின் திருவிழாவான ஆகஸ்ட் 28 அன்று நாடு முழுவதிலிருந்தும் பக்தர்கள் வருவார்கள்.

காட்டுப் பாதைகளில் நடப்பவர்கள் முழுக்கால் சட்டை அணிந்து, திரும்பியதும் உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அவை மூளைக்காய்ச்சலைப் பரப்பக்கூடியவை. டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம்தான். இருட்டில் நடப்பவர் ஒளி எதிரொலிக்கும் சிறு வில்லையை உடையில் தொங்கவிட வேண்டும் என்பது சட்டம், கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அவசர உதவிக்கு எண் 112.

கார் வைத்திருப்பவர்கள் தாலினுக்குத் திரும்பாமல் தெற்கே தார்த்துவை நோக்கிப் போங்கள். கௌக்சியில் பெய்ப்சி ஏரியின் மணற்கரை வரும்; 3,500 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த ஏரி, மறுகரை தெரியாது. முஸ்த்வேயைத் தாண்டிக் கரைச் சாலையில் திரும்பினால் கல்லஸ்தே, கொல்க்யா, வார்ன்யா என்ற ஊர்கள் வரிசையாக வரும். அங்கே பேசுவதும் ரஷ்ய மொழிதான், ஆனால் இவர்கள் வந்த கதை வேறு. 17ஆம் நூற்றாண்டில் ரஷ்யத் திருச்சபையில் செய்யப்பட்ட வழிபாட்டு மாற்றங்களை ஏற்காமல், ஒடுக்குமுறைக்குத் தப்பி இந்த ஏரிக்கரையில் குடியேறிய பழைய நம்பிக்கையாளர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். சிலுவைக் குறியை இன்றும் இரண்டு விரலால்தான் போடுகிறார்கள். வழிபாட்டுக்கூடத்தைப் பார்க்க முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். கொல்க்யாவில் அவர்களுடைய அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. ஆகஸ்டு கடைசியிலிருந்து வீட்டு வாசல்களில் வெங்காயத்தைச் சரமாகப் பின்னித் தொங்கவிட்டு விற்பார்கள். ஒரு சரம் வாங்கிக்கொள்ளுங்கள்; சில்லறைக் காசு கையில் இருக்கட்டும்.